மிளகாய் தேறியது, தக்காளி ஏன் தேறவில்லை?

கேள்வி: ஒரு ஏக்கரில் தக்காளியும், அதை ஒட்டிக் கால் ஏக்கரில் மிளகாயும் போட்டிருக்கிறோம். நட்ட 25-ஆம் நாள் வாக்கில் இரண்டிலும் இலை சுருள ஆரம்பித்தது. வைரஸ் என்று சொல்லி ஒரு வைரஸ் மருந்து, ஒரு பூச்சி மருந்து, சிலந்திப்பேன் மருந்து, நுண்ணூட்டம் எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். மூன்று முறை அடித்தோம். மிளகாய் பத்தே நாளில் துளிர்த்துவிட்டது. தக்காளி அப்படியே இருக்கிறது. இப்போது நட்டு 45 நாள்; ஐந்துக்கு ஒரு செடி சுருண்டு நிற்கிறது. அளவைக் கூட்டி அடிக்கலாமா? டெட்ராசைக்ளின் மாத்திரையைக் கரைத்து அடித்தால் கேட்கும் என்று இன்னொருவர் சொல்கிறார், அடிக்கலாமா? நன்றாக நிற்கிற செடியிலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போடலாமா? வைரஸைக் கொல்லும் மருந்து எது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயலில் நிற்கிற செடிக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அதைக் கொன்று செடியைப் பழையபடி ஆக்குகிற மருந்து இன்றைக்கு எங்கும் கிடையாது. அளவைக் கூட்டினால் செடியும் மண்ணும் உங்கள் உடம்பும்தான் கெடும். மூன்று முறை தெளித்து முடித்த உங்களிடம் இதைச் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலாவது முறை டேங்கைத் தோளில் ஏற்றுவதற்கு முன் இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

'அப்படியானால் மிளகாய் எப்படித் தேறியது?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த வரி அதுதான்.

மிளகாய்க்கு வந்தது வைரஸ் இல்லை என்றே நினைக்கிறேன். அந்தச் செடிகளில் சுருண்ட பழைய இலை இன்னும் இருக்கும். ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் கீழ்ப்பக்கமாக மடங்கி, கவிழ்த்த படகு போல இருந்து, காம்பும் வழக்கத்தைவிட நீண்டு, இலை குறுகி அடர் பச்சையாகத் தெரிந்தால் அது சிலந்திப்பேன் வேலை. ஓரங்கள் மேல்பக்கமாக மடங்கி, நிமிர்த்தி வைத்த படகு போல இருந்தால் இலைப்பேன். இந்தச் சிலந்திப்பேன் வெறும் கண்ணுக்குப் படாது. கொழுந்தின் அடிப்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், வெளிர் மஞ்சளாக, கண்ணாடி போன்ற உடம்போடு ஊர்ந்துகொண்டிருக்கும். அது சாற்றை உறிஞ்சுவதால்தான் கொழுந்து சுருள்கிறது. அதைக் கொன்றுவிட்டால் அடுத்து வரும் இலை நேராக வந்துவிடும். உங்கள் டேங்கில் இருந்த நாலு மருந்தில் மிளகாயைக் காப்பாற்றியது சிலந்திப்பேன் மருந்துதான்; இலைப்பேனாக இருந்திருந்தால் பூச்சி மருந்து. பெயர் தட்டிக்கொண்டது வைரஸ் மருந்து.

இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். 'எனக்குக் கேட்டது' என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை, அவருக்கு உண்மையாகவே கேட்டிருக்கும். ஆனால் கேட்டது வைரஸாக இருக்காது. துத்தநாகக் குறைபாட்டில் இலை சிறுத்து வெளிறும், நுண்ணூட்டம் அடித்தால் பச்சை கட்டிவிடும். பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்து பட்டால் தக்காளி இலை பெரணி இலை போல நார்நாராக நீண்டுவிடும், பார்க்கிற யாரும் வைரஸ் என்றுதான் சொல்வார்கள். பட்ட அளவு குறைவாக இருந்தால் சில வாரங்களில் தானே தெளிந்துவிடும். அந்த நேரத்தில் எதை அடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர். உண்மையான வைரஸ் நோயிலேயேகூட வெயிலும் குளிரும் மாறும்போது அறிகுறி கொஞ்ச நாள் மறைவதுண்டு. இலை பச்சையாகத் தெரியும். உள்ளே வைரஸ் அப்படியேதான் இருக்கும்.

சரி, தக்காளிக்கு வருவோம். இலை மேல்நோக்கிக் கிண்ணம் போலக் குவிந்து, ஓரமும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியும் மஞ்சளாகி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, செடி புதர் போல நின்று, பூ உதிர்ந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டு வைரஸ். உங்கள் சிலந்திப்பேன் மருந்து தக்காளியிலும் பட்டிருக்கிறது. அப்படியும் தேறவில்லை என்பதே அதற்கு ஒரு சான்று.

பூஞ்சாணத்துக்கு மருந்து இருக்கிறது, பாக்டீரியாவுக்கு இருக்கிறது, வைரஸுக்கு மட்டும் ஏன் இல்லை? பூஞ்சாணத்துக்குத் தனி உடம்பு உண்டு. அதன் செல் சவ்வில் எர்கோஸ்டீரால் என்று ஒரு பொருள் இருக்கிறது, செடியின் சவ்வில் இருப்பது வேறு வகை. அதனால் எர்கோஸ்டீரால் உருவாவதை மட்டும் தடுத்தால் பூஞ்சாணம் சாகும், செடி பிழைக்கும். வைரஸுக்கு அப்படித் தனியாக அடிக்க எதுவுமில்லை. 1935-இல் அமெரிக்க விஞ்ஞானி வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார், உப்பைப் பிரிப்பது போல. அந்த வைரஸ் ஒன்று சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி. நடுவில் ஓர் ஆர்.என்.ஏ. இழை, சுற்றிலும் புரத உறை. அவ்வளவுதான். அதற்கு மூச்சு இல்லை, செரிமானம் இல்லை, சொந்தமாக ஒரு புரதம் செய்யக்கூட வசதி இல்லை. செடியின் செல்லுக்குள் போய், செடியின் கருவிகளை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அந்தப் பெருக்கத்தை நிறுத்த வேண்டுமானால் செடியின் கருவியையே நிறுத்த வேண்டியிருக்கும்.

செய்து பார்க்காமலும் இல்லை. 1950-களின் தொடக்கத்திலேயே தையோயுராசில் என்ற பொருள் புகையிலைத் தேமல் வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது என்று கண்டார்கள், ஆனால் அது செடியையும் வாட்டியது. பிறகு ரிபாவிரின் வந்தது. மனிதர்களின் சில வைரஸ் நோய்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. அதற்குச் செடி உலகத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, வயலில் அல்ல, திசு வளர்ப்புக் கூடத்தில். குருத்தின் நுனியில் கடுகைவிடச் சிறிதாக ஒரு துண்டை வெட்டி, ரிபாவிரின் கலந்த ஊட்டத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, பிறகு சோதித்துப் பார்த்து, வைரஸ் இல்லாதவற்றை மட்டும் தாய்ச்செடியாக எடுத்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு போலக் கிழங்கிலும் குச்சியிலும் பெருக்குகிற பயிர்களுக்கு இது மிகவும் பயன்படுகிறது. அங்கேயும் செடி வளர்ச்சி குன்றும், பல செத்துப்போகும். ஒரு ஏக்கரில் தெளிக்கிற சங்கதி இல்லை அது.

டெட்ராசைக்ளின் வேண்டாம். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. செடிகள் மஞ்சளாகிக் குட்டையாகும் பல நோய்களை நெடுங்காலம் வைரஸ் என்றே எண்ணியிருந்தார்கள். 1967-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் முசுக்கொட்டையின் குட்டை நோய் போன்ற சிலவற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல் சுவர் இல்லாத ஒரு வகை நுண்ணுயிர் தெரிந்தது. டெட்ராசைக்ளின் கொடுத்தார்கள், அறிகுறி தணிந்தது. இன்றைக்கு அதை பைட்டோபிளாஸ்மா என்கிறோம். கத்தரியில் சிற்றிலை நோயும் எள்ளில் பூக்கள் இலையாக மாறும் நோயும் அதனால் வருபவைதான். அதாவது, 'வைரஸ்' என்று பெயர் வைத்திருந்த நோய் டெட்ராசைக்ளினுக்குக் கேட்டது, ஏனென்றால் அது வைரஸே இல்லை. அதிலும்கூட மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். டெட்ராசைக்ளின் வேலை செய்வது நுண்ணுயிரின் ரைபோசோமில், அதாவது புரதம் செய்கிற கருவியில்; வைரஸுக்கு ரைபோசோமே கிடையாது. உங்கள் தக்காளியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. மனிதர்களுக்குத் தேவைப்படுகிற மருந்தை வயலில் கொட்டினால் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிக்கொள்ளும். பிறகு நமக்குக் காய்ச்சல் வரும்போது கேட்காமல் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படியானால் 'வைரஸ் மருந்து' என்று விற்பது என்ன? பல வகை இருக்கின்றன. சில வெறும் நுண்ணூட்டக் கலவை. சில செடியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுபவை; இவற்றைப் பொய் என்று ஒதுக்க மாட்டேன், இவற்றுக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. 1961-இல் பிராங்க் ராஸ் என்பவர் புகையிலையின் கீழ் இலைகளில் வைரஸைத் தடவிவிட்டுப் பார்த்தார். மேல் இலைகளும் எதிர்ப்பு பெற்றிருந்தன. 1979-இல் ஆஸ்பிரினைச் செலுத்திய புகையிலையில் வைரஸ் புண்கள் குறைந்ததைக் கண்டார்கள். செடிக்குள் அபாயச் செய்தியைக் கொண்டுபோவதில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு என்பது பிறகு தெளிவானது. அந்த வழியில் வந்ததுதான் அசிபென்சோலார் என்ற மருந்து. சீனாவில் நிங்நான்மைசின், டுஃபுலின் போன்றவற்றை வைரஸ் நோய்களுக்கென்றே பதிவு செய்து பயன்படுத்துகிறார்கள். ஆனால் இவை எல்லாமே வைரஸ் வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டியவை. கொடுத்தாலும் நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தீவிரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். எதிர்ப்பைத் தூண்டும்போது செடி தன் தெம்பை அதில் செலவழிப்பதால், அளவு மீறினால் வளர்ச்சி குன்றும். சுருண்டு நிற்கிற செடியில் தெளித்துப் பிரயோஜனமில்லை.

ஒரு புது வழியும் வந்துகொண்டிருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் போலவே இரட்டை இழை ஆர்.என்.ஏ. செய்து இலையில் தெளித்தால், செடி அதை அடையாளமாக வைத்துக்கொண்டு உள்ளே வரும் வைரஸை வெட்டிப்போடுகிறது. வெறும் இலையில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். 2017-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் அதை நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்து, 20 நாள் வரை பாதுகாப்பு கிடைத்ததாகக் காட்டினார்கள். எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் இதுவும் காவல்தான். உள்ளே புகுந்துவிட்ட வைரஸை வெளியேற்றும் வைத்தியம் இல்லை.

இனி ரசாயனம் உண்மையில் எங்கே கைகொடுக்கும் என்று சொல்கிறேன். வைரஸ் தானாக நடந்து வராது. யாரோ தூக்கி வர வேண்டும், அந்த ஆளை மறிக்கலாம். ஆனால் எல்லா ஆளையும் ஒரே மாதிரி மறிக்க முடியாது.

வெள்ளை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற செடியில் கால் மணி நேரம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் அதன் உடம்புக்குள் போய்விடும். ஆனால் உடனே பரப்ப முடியாது. குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வைரஸ் போய்ச் சேர எட்டு மணி நேரமாவது பிடிக்கும், பெரும்பாலும் அதற்கு மேல். அதன் பிறகு அந்த ஈ பல நாள், சில சமயம் சாகும்வரை, உட்காருகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் வயலிலேயே பிறந்து, உங்கள் செடியிலிருந்தே வைரஸை எடுத்து, அடுத்த செடிக்குக் கொண்டுபோகிற ஈயை மருந்தால் தடுக்க நேரம் இருக்கிறது. வெளியிலிருந்து ஏற்கெனவே வைரஸோடு வருகிற ஈ மருந்தில் சாவதற்கு முன்பே கொடுத்துவிட்டுத்தான் சாகும். ஐந்துக்கு ஒன்று என்று நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த விருந்தாளிகள்தான்.

அசுவினி வேறு ரகம். பல தேமல் வைரஸ்களை அது தன் வாய் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. இலையில் உட்கார்ந்ததும் 'இது நமக்கான செடியா' என்று சில நொடி குத்திப் பார்க்கும். அந்தச் சில நொடியிலேயே எடுக்கவும் கொடுக்கவும் செய்துவிடும். எந்தப் பூச்சிக்கொல்லியும் அதற்குள் வேலை செய்யாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேமல் தலைகாட்டிய ஒரு பூசணி வயலில் அசுவினி ஏறுவதைப் பார்த்துவிட்டு, வேகமாகக் கொல்லட்டும் என்று பைரித்ராய்டு மருந்தைச் சிபாரிசு செய்தேன். அந்த மருந்து பட்டால் பூச்சி சாவதற்கு முன் நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவும், தாவுகிற இடமெல்லாம் குத்தும். இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஓரத்தில் இருந்த தேமல் வயல் முழுக்க இருந்தது. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றுவரை மனதில் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அசுவினி வழியாக வரும் அந்த வைரஸ்களுக்கு, விஷத்தைவிட ஒரு சதவீத மினரல் எண்ணெய்க் கரைசல் நன்றாக வேலை செய்யும் என்று 1960-களிலிருந்தே தெரியும். இலையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் வைரஸ் அசுவினியின் ஊசியிலிருந்து இலைக்குப் போவது குறைகிறது. விதை உருளைக்கிழங்கு வளர்ப்பவர்கள் வாரம் ஒரு முறை அடிக்கிறார்கள், ஏனென்றால் புதிதாக வந்த இலையில் படலம் இருக்காது. இலைப்பேன் இன்னொரு கணக்கு: குஞ்சாக இருக்கும்போது எடுத்தால்தான் வளர்ந்தபின் அது வைரஸைக் கொடுக்கும், அதனால் அங்கே குஞ்சைக் குறிவைக்க வேண்டும்.

இப்போது உங்கள் தக்காளிக்குச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். சுருண்ட செடிகளில் காய் பிடிக்காதவற்றைப் பிடுங்கிவிடுங்கள். இந்த வயதுக்குள் குட்டையாகிப்போன செடி இனி காய்க்காது. அடுத்த செடிக்கு வைரஸ் சேர்த்துவைக்கிற பானையாகத்தான் நிற்கும். காய் நன்றாகப் பிடித்த பிறகு நுனியில் மட்டும் சுருள் தெரிகிற செடியை விட்டுவிடுங்கள், இருக்கிற காயைக் கொடுக்கும். பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. செடியை அசைத்தால் அதில் இருக்கும் ஈக்கள் எழும்பிப் பக்கத்து நல்ல செடிக்குப் போய்விடும். அதனால் விடிகாலையில், ஈ சோம்பி இலையடியில் ஒட்டியிருக்கும்போது முதலில் மருந்து அடித்து, லேபிளில் எழுதியிருக்கிற இடைவெளி கழித்து மறுநாள் விடிகாலையில் உள்ளே போய், ஒரு பெரிய சாக்கைச் செடியின் மேல் கவிழ்த்து, சாக்கோடு சேர்த்து வேரைப் பிடுங்கி, வாயைக் கட்டி எடுத்துப் போங்கள். வரப்பில் போட்டுவிடாதீர்கள்.

மருந்து என்றால் தக்காளியில் வெள்ளை ஈக்கு அனுமதி பெற்றதாக, ஒரே ஒரு மருந்தாக இருக்கட்டும். பூச்சி உறிஞ்சுவதைச் சீக்கிரம் நிறுத்துகிற சயான்ட்ரனிலிப்ரோல் போன்ற வகை வைரஸ் பரவலுக்குப் பொருத்தமானது. அடுத்த முறை அதே பிரிவு மருந்தை அடிக்காதீர்கள். பூச்சியை ஒரே விதமாகத் தாக்குகிற மருந்துகள் ஒரே பிரிவு. லேபிளில் பிரிவு எண் இருந்தால் பாருங்கள், எண் மாறினால்தான் மருந்து மாறியதாக அர்த்தம். வெள்ளை ஈ மருந்துக்குப் பழகிக்கொள்வதில் கெட்டிக்காரப் பூச்சி. தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேலாகப் பிடியுங்கள், ஈயும் குஞ்சும் இலையின் அடியில்தான். உங்கள் பயிர் பூவில் இருக்கிறது. தேனீ பறக்கிற நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம். அப்புறம், காய் பறிப்பதற்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று லேபிள் சொல்கிறதோ அத்தனை நாள் விடுங்கள். நாலு மருந்தை ஒரே டேங்கில் கலப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று உங்களுக்கே தெரியாமல் போனதற்கு அந்தக் கலவைதான் காரணம். மிளகாய்க்கு எப்போதாவது கந்தகம் அடித்தால், எண்ணெய்க் கரைசலை அதை ஒட்டி அடிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

விதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலைச்சுருட்டு வயலில் வெள்ளை ஈயால்தான் பரவுகிறது, விதையை நினைத்து அதிகம் பயப்பட வேண்டாம். ஆனால் தக்காளித் தேமல் வைரஸ் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வரும். ரசாயனம் வைரஸை நேராகவே செயலிழக்கச் செய்யும் இடம் இது, ஏனென்றால் அங்கே வைரஸ் செடிக்கு வெளியே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட்டைக் கரைத்து, விதையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கரைசல் காரமானது. முதலில் கொஞ்சம் விதையில் செய்து முளைப்பு சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். கிளை கிள்ளும்போதும் செடி கட்டும்போதும் கையால் பரவுகிற தேமலுக்கு, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 200 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து அடிக்கடி கையை முக்கிக்கொள்ளலாம். பால் புரதம் அந்த வைரஸை முடக்கிவிடுகிறது. இன்னொன்று: உங்களுடையது கலப்பின ரகமாக இருந்தால், எடுத்த விதை தாயைப் போல வராது.

விதை எடுப்பதைவிட, எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தைத் தேடுவதே உங்களுக்கு நல்லது. காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து எடுத்த டிஒய்-1, டிஒய்-2, டிஒய்-3 என்ற மரபணுக்கள் இலைச்சுருட்டுக்கு எதிரானவை. அந்த ரகத்திலும் வைரஸ் போகும், ஆனால் செடி தாக்குப்பிடித்துக் காய்க்கும். நாற்றங்காலை முதல் நாளிலிருந்தே 50 மெஷ் வலைக்குள் வையுங்கள். நடுவதற்கு முன் நாற்றின் வேர்ப்பகுதிக்கு அனுமதி பெற்ற ஊடுருவும் மருந்து ஒரு முறை கொடுத்தால், நட்ட முதல் வாரங்களுக்குக் காவல் இருக்கும். வைரஸ் வருவது எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அவ்வளவு நஷ்டம் குறையும். பழைய தக்காளி நிற்கும்போதே பக்கத்தில் புதிதாக நடாதீர்கள். வயலைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை, தக்காளி நடுவதற்கு முன்பே வளர்ந்திருக்கும்படி விதைத்துவிடுங்கள்.

நாளைக் காலை, வெயில் ஏறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து ஐந்து செடியாக 25 செடியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து மூன்று இலையை மெதுவாகத் திருப்பி, அடியில் எத்தனை ஈ என்று எண்ணுங்கள். எந்த மூலையில் அதிகம், அந்தப் பக்கம் வரப்புக்கு அப்பால் என்ன பயிர், என்ன களை நிற்கிறது என்றும் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு, இதுவரை அடித்த மருந்துகளின் பெயர்களையும், லேபிளில் பிரிவு எண் இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மருந்து தேவையா, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதை அதைப் பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன்.